மிதிவண்டிக்காரருக்குக் கண்ணாடியும் காலுறையும்

மிதிவண்டி வாங்கப் போகும்போது நாம் எதையெல்லாம் பார்க்கிறோம்! சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கிறோம். பிரேக்கை அழுத்திப் பார்க்கிறோம். மணியை அடித்துப் பார்க்கிறோம். இருக்கை நம் உயரத்துக்கு ஒத்து வருமா என்று ஏறி உட்கார்ந்தும் பார்க்கிறோம். ஆனால் அந்த வண்டியை ஓட்டப்போகும் உடம்பில் இரண்டு இடங்களை மறந்துவிடுகிறோம். ஒன்று, காற்றையும் வெயிலையும் புழுதியையும் நேரே எதிர்கொள்ளும் கண். மற்றொன்று, பெடலை மணிக்கணக்கில் அழுத்தும் பாதம். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் பாதத்துக்குக் காலுறையும் வாங்குவோர் பெரும்பாலும் அழகைப் பார்த்தோ விலையைப் பார்த்தோதான் வாங்குகிறார்கள். பள்ளியில் படித்த இயற்பியல் இந்த இடத்தில் எவ்வளவு கை கொடுக்கும் என்று பார்ப்போம்.

கறுப்பாக இருந்தால் போதுமா?

நம் ஊரில் கறுப்புக் கண்ணாடிக்குக் 'கூலிங் கிளாஸ்' என்று பெயர். உண்மையில் அது எதையும் குளிர்விப்பதில்லை. கண்ணுக்குள் போகும் ஒளியைக் குறைக்கிறது. கூச்சம் நின்றுவிடுவதால் குளிர்ச்சி போலத் தோன்றுகிறது. இந்தச் சுகத்தில்தான் ஓர் ஆபத்தும் இருக்கிறது.

சூரிய ஒளியில் நமக்குத் தெரியும் பகுதியின் அலைநீளம் ஏறத்தாழ 400 நானோமீட்டரிலிருந்து 700 நானோமீட்டர் வரை. 400க்குக் கீழே இருப்பவை புற ஊதாக் கதிர்கள். இவற்றில் 280 நானோமீட்டருக்குக் குறைந்தவற்றை வளிமண்டலமே உறிஞ்சிவிடுகிறது. 280 முதல் 315 வரை உள்ளவற்றைப் புற ஊதா 'பி' என்றும், 315 முதல் 400 வரை உள்ளவற்றைப் புற ஊதா 'ஏ' என்றும் சொல்வார்கள். தரைக்கு வந்து சேருவதில் பெரும்பகுதி 'ஏ'. சிறு பகுதி 'பி'.

கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு ஏன் பயப்பட வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஃபோட்டானின் ஆற்றலை எலெக்ட்ரான் வோல்ட்டில் அறிய, 1,240 என்ற எண்ணை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் போதும். 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு 2.25 எலெக்ட்ரான் வோல்ட் வருகிறது. 300 நானோமீட்டர் புற ஊதாவுக்கு 4.1 வருகிறது. கார்பன் அணுக்கள் இரண்டுக்கு இடையே உள்ள ஒற்றைப் பிணைப்பை முறிக்கத் தேவைப்படுவது ஏறத்தாழ 3.6. நம் உடலின் மூலக்கூறுகள் கார்பன் பிணைப்புகளால் ஆனவை என்பதை நினைத்துக்கொண்டால், 4.1 என்ற எண்ணின் பொருள் விளங்கும்.

கண்ணின் முன்புறத்தில் உள்ள கார்னியா, புற ஊதா 'பி'யின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. 'ஏ'யின் பெரும்பகுதியை விழிலென்சு தடுத்துவிடுகிறது. விழித்திரைக்கு வந்து சேருவது மிகவும் கொஞ்சம். அதாவது விழித்திரையைக் காப்பாற்றுவதற்காகக் கார்னியாவும் லென்சும் அடியைத் தாங்கிக்கொள்கின்றன. பல ஆண்டுகள் அடி வாங்கினால் என்ன ஆகும்? கண்புரைக்கான காரணங்களில் இதுவும் ஒன்றாகிறது. வெள்ளை விழியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்ந்து வரும் நோயும் வெயிலில் நெடுங்காலம் உழைப்பவர்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது.

இப்போது கறுப்புக் கண்ணாடிக்கு வருவோம். கடும் வெயிலில் நம் கண்பாவை 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். கறுப்புக் கண்ணாடியை மாட்டியதும், இருள் வந்துவிட்டது என்று கண் ஏமாந்துபோய்ப் பாவையைச் சற்று விரிக்கும். அது 3 மில்லிமீட்டர் ஆனதாக வைத்துக்கொள்வோம். விட்டம் ஒன்றரை மடங்கானால் பரப்பு 2.25 மடங்காகும். அந்தக் கண்ணாடி, தெரியும் ஒளியை மட்டும் குறைத்துவிட்டு, புற ஊதாவில் மூன்றில் இரண்டு பங்கை உள்ளே விடுகிறது என்றால், லென்சைச் சென்றடையும் புற ஊதா எவ்வளவு? 2.25ஐ மூன்றில் இரண்டால் பெருக்குங்கள், 1.5 வருகிறது. வெறுங்கண்ணோடு போயிருந்தால் விழுந்திருக்கக் கூடியதைவிட ஒன்றரை மடங்கு! இது போதாதென்று, வெறுங்கண்ணோடு போகிறவர் இமையை இடுக்கிக்கொள்வார். கண்ணாடி போட்டவர் கண்ணை அகலத் திறந்து வைத்திருப்பார்.

ஆகவே கறுப்பின் ஆழத்துக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமே இல்லை. நிறமே இல்லாத கண்ணாடி புற ஊதாவை முழுதாகத் தடுக்கலாம். மை போன்ற கறுப்பு அதை உள்ளே விடலாம். விலைக்கும் பாதுகாப்புக்கும்கூட நேரான உறவு கிடையாது. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக், தன் இயல்பாலேயே 380 நானோமீட்டர் வரை உள்ள புற ஊதாவை உறிஞ்சிவிடும். அதனால் ஆன மலிவான கண்ணாடியும் நன்றாகவே காக்கும். சாதாரணக் கண்ணாடியும் பலவகை அக்ரிலிக்கும் அப்படியல்ல; 'பி'யை நிறுத்தினாலும் 'ஏ'யில் கணிசமான பங்கை விட்டுவிடுகின்றன. வாங்கும்போது 'யுவி 400' என்ற குறிப்பைப் பாருங்கள். 400 நானோமீட்டர் வரை தடுக்கிறது என்பது அதன் பொருள்.

குறிப்பை நம்பலாமா என்று கேட்பீர்கள். பெரிய கண்ணாடிக் கடைகளில் இதை அளக்கும் சிறு கருவி இருக்கும். அளந்து தரச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால், ரூபாய் நோட்டைச் சோதிக்கக் கடைக்காரர் வைத்திருக்கும் ஊதா விளக்கே போதும். அந்த விளக்கின் கீழே நோட்டைக் காட்டினால், அதிலுள்ள எண்ணும் ஆங்காங்கே உள்ள சிறு இழைகளும் ஒளிரும். இப்போது விளக்குக்கும் நோட்டுக்கும் நடுவில் கண்ணாடியைப் பிடியுங்கள். நோட்டைக் கண்ணாடியின் ஊடே பார்க்காமல், பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஒளிர்வு அடங்கிவிட்டால் நல்லது. முன்போலவே மின்னினால் அந்தக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஊடே பார்த்தால் கறுப்பு நிறமே ஒளிர்வை மங்கச் செய்து நம்மை ஏமாற்றிவிடும். விளக்கை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. சில மலிவான ஊதா டார்ச்சுகளின் ஒளி 395 நானோமீட்டரை ஒட்டி, தெரியும் ஊதாவோடு கலந்திருக்கும். அதில் நல்ல கண்ணாடியும் சிறிது ஒளிர்வைக் காட்டலாம். எனவே இந்தச் சோதனையைத் தோராயமானது என்றே கொள்ள வேண்டும்.

ஒன்பது மணி வெயில்

நண்பகல் வெயில்தான் கண்ணுக்குக் கெடுதல் என்று நினைக்கிறோம். தோலுக்கு அது சரி. கண்ணின் கதை சற்று வேறு. சூரியன் தலைக்கு மேலே இருக்கும்போது புருவமேடு கண்ணுக்குக் குடை பிடிக்கிறது. காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்றரை, நான்கு மணிக்கும் சூரியன் சாய்ந்து நின்று நேராக முகத்தில் அடிக்கிறது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் மிதிவண்டியில் போய்வரும் நேரம் இதுதான். கிழக்கே இருக்கிற பள்ளிக்குப் போகும் மாணவன் காலையில் சூரியனைப் பார்த்துக்கொண்டே போவான். மாலையில் மேற்கே திரும்பும்போதும் சூரியன் எதிரிலேயே இருக்கும். பாவம், அவனுக்கு இருவேளையும் தண்டனை!

இன்னொரு வியப்பான செய்தி உண்டு. பக்கவாட்டிலிருந்து, காதுப் பக்கமாகக் கண்ணில் நுழையும் ஒளியைக் கார்னியா ஒரு லென்சு போல வளைத்து, மூக்கை ஒட்டிய ஓரத்தில் குவித்துவிடுகிறது. ஆஸ்திரேலியக் கண் மருத்துவரான மினாஸ் கொரோனியோ இதை ஆராய்ந்து, 1990களில் வெளியிட்டார். சதை வளர்ச்சி பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலேயே ஏன் தொடங்குகிறது என்பதற்கு இது நல்ல விளக்கம். உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரித்தவர்களுக்கு இது உடனே புரியும். நமக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம், கண்ணாடி முன்பக்கத்தை மட்டும் மறைத்தால் போதாது என்பது. கன்னப்பொறி வரை வளைந்து செல்லும் அமைப்பு நல்லது. சினிமா நடிகரைப் பார்த்து வாங்கும் சிறிய வட்டக் கண்ணாடி மிதிவண்டிக்கு உதவாது.

குளிர்ந்த ஊர்களிலும் ஏமாந்துவிடக் கூடாது. உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடும்போதும் புற ஊதா ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் வெயில் இதமாகத்தான் இருக்கும். ஆனால் கோயம்புத்தூரைவிட அங்கே புற ஊதா அதிகம். தரையும் இதைத் திருப்பி அனுப்புகிறது. புல்லும் மண்ணும் 10 சதவீதத்துக்கும் குறைவு. காய்ந்த கடற்கரை மணல் 15 சதவீதம் வரை. கடல் நுரை 25 சதவீதம் வரை. தொப்பியின் விளிம்பு மேலிருந்து வருவதைத் தடுக்கும். கீழிருந்து வருவதை என்ன செய்யும்?

எவ்வளவு கறுப்பு?

வெயிற்கண்ணாடிகளை ஐ.எஸ்.ஓ. 12312-1 என்ற தரநிர்ணயம் 0 முதல் 4 வரை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. தெரியும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடுவது 0 ஆம் வகை. 43 முதல் 80 வரை விடுவது 1. 18 முதல் 43 வரை 2. 8 முதல் 18 வரை 3. வெறும் 3 முதல் 8 சதவீதம் மட்டும் விடுவது 4 ஆம் வகை. இது பனிமலைகளுக்கானது, சாலையில் வண்டி ஓட்டுவதற்கு ஆகாது. நல்ல கண்ணாடிகளில் காம்பின் உட்புறத்தில் இந்த எண் இருக்கும்.

நம் ஊர்த் திறந்த சாலைகளுக்கு 3 ஆம் வகை சரி. ஆனால் வழியில் புளியமரங்கள் அடர்ந்த சாலையோ, ரயில்பாதைக்குக் கீழே சுரங்கப்பாதையோ இருந்தால் 2 ஆம் வகையே மேல் என்பது என் கருத்து. காரணம் இது. நண்பகல் வெயிலில் ஒளியின் அளவு ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். சுரங்கப்பாதைக்குள் அது சில நூறாகக் குறைந்துவிடும். 3 ஆம் வகைக் கண்ணாடி அதிலும் ஏழில் ஒரு பங்கைத்தான் தரும். இருட்டுக்குப் பழகக் கண்ணுக்குச் சில வினாடிகளாவது வேண்டும். நன்றாகப் பழக நிமிடங்கள் ஆகும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 4 மீட்டருக்கு மேல். ஐந்து வினாடியில் 20 மீட்டர் போய்விடுவீர்கள், கிட்டத்தட்டக் குருடாக! அந்த 20 மீட்டரில் ஒரு பள்ளமோ படுத்திருக்கும் மாடோ இருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. சுரங்கப்பாதைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள்.

வெயிலில் கறுத்து நிழலில் வெளுக்கும் கண்ணாடி இதற்குத் தீர்வாகாதா? இதில் முதன்முதலாக வெற்றி கண்டவர்கள் அமெரிக்காவில் கார்னிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்மிஸ்டெட், ஸ்டூக்கி ஆகியோர். 1960களில் வெள்ளி உப்புகளின் நுண்படிகங்களைக் கண்ணாடியில் கலந்து செய்தார்கள். இன்று பிளாஸ்டிக்கில் கரிமச் சாயங்களைக் கொண்டு செய்கிறார்கள். அருமையான பொருள்தான். ஆனால் வெளுப்பதற்கு நிமிடக்கணக்கில் நேரம் பிடிக்கும். சுரங்கப்பாதை அதுவரை காத்திருக்காது. மேலும் வெப்பம் கூடினால் நிறமூலக்கூறு பழைய நிலைக்கு விரைவாகத் திரும்பிவிடும். அதனால் குளிர்நாட்டில் நன்றாகக் கறுக்கும் கண்ணாடி, மே மாதத்துத் திருச்சியில் அந்த அளவு கறுக்காது.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாம்பல் நிறம் எல்லா வண்ணங்களையும் சமமாகக் குறைக்கும்; சிக்னல் விளக்குகளின் நிறம் மாறித் தெரியாது. பழுப்பு நிறம், காற்றில் சிதறி வரும் நீல ஒளியைக் குறைப்பதால் தூரத்துப் பொருள்களைத் தெளிவாகக் காட்டும். சிவப்பும் கடும் நீலமும் வேடிக்கைக்குத்தான்.

தளவிளைவுக் கண்ணாடி

'போலராய்டு' என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்பார்கள். 1808ஆம் ஆண்டு பாரிஸில் எத்தியேன் லூயி மாலுஸ், லக்சம்பர்க் அரண்மனையின் ஜன்னல் கண்ணாடியில் பட்டு வந்த மாலைச் சூரியனின் ஒளியை ஒரு கால்சைட் படிகத்தின் வழியே பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப, தெரிந்த இரண்டு பிம்பங்கள் மாறி மாறி மங்கின. எதிரொளித்த ஒளி தளவிளைவுற்றது என்பது இப்படித்தான் தெரியவந்தது. எந்தக் கோணத்தில் இது முழுமையாகும் என்பதை 1815இல் புரூஸ்டர் கண்டார். நீருக்கு அது 53 டிகிரி.

ஈரச் சாலையிலிருந்தும் காரின் கூரையிலிருந்தும் வரும் பளபளப்பில் கிடைமட்டத்தில் அதிரும் ஒளியே மிகுதி. செங்குத்தில் அதிர்வதை மட்டும் விடும் தகட்டை வைத்தால் பளபளப்பு அடங்கிவிடும். விளம்பரங்கள் இதோடு நின்றுவிடுகின்றன. நாம் சற்று மேலே போவோம். மிதிவண்டியில் அமர்ந்திருக்கும்போது கண்ணின் உயரம் தரையிலிருந்து 1.5 மீட்டர் என்று கொள்வோம். படுகோணம் 53 டிகிரி ஆக வேண்டுமானால் 2 மீட்டர் தொலைவில், முன்சக்கரத்துக்குச் சற்றே அப்பால், பார்க்க வேண்டும். நாமோ 10 மீட்டராவது முன்னே பார்த்து ஓட்டுகிறோம். அங்கே படுகோணம் 81 டிகிரிக்கும் மேல். ஃப்ரெனல் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால், அந்தக் கோணத்தில் நீர்ப்பரப்பு, கிடைமட்ட அதிர்வில் 51 சதவீதத்தையும் மற்றதில் 30 சதவீதத்தையும் எதிரொளிக்கிறது. தளவிளைவுக் கண்ணாடி முன்னதை முழுதாக வெட்டினாலும், பளபளப்பில் 60 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் போகும். அதுவும் நல்ல லாபம்தான். ஆனால் முழுதும் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. சாலையில் கொட்டிய எண்ணெயையும் தேங்கிய நீரையும் நாம் அவற்றின் பளபளப்பைக் கொண்டுதான் அடையாளம் காண்கிறோம். பளபளப்பு மறைந்தால் எச்சரிக்கையும் மறைகிறது. மழைக்காலத்தில் மிதிவண்டி ஓட்ட நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மீன்பிடிப்பவருக்கும் கார் ஓட்டுபவருக்கும் இது பொருந்தும். கடைக்காரர் சொல்வது உண்மையா என்று அறிய, கால்குலேட்டரின் எல்.சி.டி. திரையைக் கண்ணாடியின் வழியே பார்த்துக்கொண்டு கண்ணாடியை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் திரை இருண்டுபோனால் உண்மையான தளவிளைவுக் கண்ணாடி.

மாலை நேரத்துக்கு எது?

மிதிவண்டிக்காரரின் கண்ணுக்கு வெயிலைவிட அன்றாடத் தொல்லை தருபவை காற்றும் தூசியும் பூச்சியும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, காற்றே இல்லாத நாளிலும் அதே வேகத்தில் எதிர்க்காற்று கண்ணில் அடிக்கிறது. கண்ணீர்ப் படலம் உலர்ந்து எரிகிறது. அறுவடைக் காலத்தில் வயல் நடுவே உள்ள சாலையில் அந்தி நேரத்தில் போனவர்களுக்குச் சிறுபூச்சி கண்ணில் விழுவதைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஒரு கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறு கையால் வண்டியைப் பிடிப்பது விபத்துக்கு அழைப்பு. அந்த நேரத்தில் கறுப்புக் கண்ணாடி கூடவே கூடாது. நிறமற்ற பாலிகார்பனேட் கண்ணாடிதான் வேண்டும். பட்டறைகளில் கண்காப்புக்கு அணியும் தெளிந்த கண்ணாடி குறைந்த விலைக்கே கிடைக்கிறது. வளைவும் இருக்கும், அடி தாங்கும், புற ஊதாவையும் தடுக்கும். ஒரே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

எதுவானாலும் உடையும் கண்ணாடியால் ஆனது வேண்டாம். கீழே விழுந்தால் சில்லு கண்ணுக்குள் போகும். எடையும் ஒரு காரணம்: கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.5 கிராம், பாலிகார்பனேட்டுக்கு 1.2. இது மூக்குக்கு எவ்வளவு முக்கியம் பாருங்கள். 30 கிராம் எடையுள்ள கண்ணாடியின் பாரம் 0.3 நியூட்டன். அது மூக்கின் இருபுறமும் மொத்தம் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் அழுத்தினால், அழுத்தம் 3,000 பாஸ்கல், அதாவது 22 மில்லிமீட்டர் பாதரசம். தோலின் இரத்தத் தந்துகிகளுக்குள் அழுத்தம் ஏறத்தாழ 15 முதல் 35 வரைதான்! நெடுநேரம் அணிந்தால் மூக்கில் சிவந்த குழி விழுவதன் காரணம் இதுதான். எனவே எடை குறைந்ததாக, மூக்குத்தாங்கி அகலமாக உள்ளதாகப் பாருங்கள். தலையைக் குனிந்து இருபுறமும் ஆட்டினால் நழுவக் கூடாது. அதே சமயம் காதின் பின்புறத்தைக் கவ்வவும் கூடாது. கன்னத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே சிறிது இடைவெளி இருந்தால் காற்று ஓடும். இல்லாவிட்டால் ரயில்வே கேட்டில் நின்றவுடன் வியர்வை ஆவி படிந்து மூடுபனி போல மறைத்துவிடும்.

கடைசியாக ஒன்று: கண்ணாடியைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, கதவு நிலையின் செங்குத்து விளிம்பை அதன் வழியே பாருங்கள். மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். விளிம்பு நெளிந்தால் அந்தக் கண்ணாடி தலைவலியைத்தான் தரும்.

இனி காலுக்கு வருவோம்

செருப்போடு ஓட்டுபவர்களுக்குக் காலுறை தேவையில்லை. காற்றே அவர்களுக்குக் காலுறை. விரல்களுக்குத்தான் பாதுகாப்பில்லை. ஷூ அணிந்து ஓட்டும் பள்ளி மாணவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இந்தப் பகுதி.

உடலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்துள்ள இடங்களில் உள்ளங்கால் ஒன்று. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆனால் ஆவியானால்தான் குளிர்ச்சி; ஷூவுக்குள் தேங்கினால் ஈரம் மட்டுமே மிச்சம். ஈரத் தோலின் உராய்வு உலர்ந்த தோலைவிடக் கூடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றாக உலர்ந்த தோல் வழுக்கும். தண்ணீரில் ஊறிய தோலும் ஓரளவு வழுக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள கசகசப்பில்தான் பிடிப்பு மிகுதி. கொப்புளம் அங்கேதான் பிறக்கிறது.

பருத்தி நல்லது, செயற்கை இழை கெட்டது என்பது நம்மிடையே பரவியுள்ள நம்பிக்கை. சட்டைக்கு அது பெரும்பாலும் சரி. காலுறைக்கு முழுதும் சரியில்லை. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி இழை தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் நீரை ஏற்றுக்கொள்ளும், கம்பளி 16, நைலான் 4, பாலியெஸ்டர் அரை சதவீதத்துக்கும் குறைவு. பருத்தியின் செல்லுலோஸ் மூலக்கூறுகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதில் வல்லவை. ஷூவுக்குள் இதுவே குறையாகிவிடுகிறது. நனைந்த பருத்தி உப்பி, தளர்ந்து, மடிப்பு விழுந்து, காலோடு ஒட்டிக்கொண்டு உலராமல் கிடக்கும். பாலியெஸ்டரோ நீரை இழைக்குள் விடுவதில்லை. இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகளின் வழியே வெளிப்பக்கம் கடத்திவிடுகிறது. திரியில் எண்ணெய் ஏறும் அதே நுண்புழை ஏற்றம்தான்.

நுண்புழையின் ஆரம் 10 மைக்ரான் என்றால், சூத்திரப்படி தூய நீர் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஏற வேண்டும். புழை குறுகக் குறுக ஏறும் உயரம் கூடும். ஆனால் பாகுநிலை இழுத்துப் பிடிப்பதால் வேகம் குறையும். அதனால்தான் நல்ல விளையாட்டுக் காலுறைகளில் இழைகளை உருண்டையாகச் செய்யாமல் நெடுகப் பள்ளங்கள் உள்ளவையாகச் செய்கிறார்கள். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பழைய காலுறைகளிலிருந்து 2 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளை வெட்டி, கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு, நுனிகள் மை கலந்த நீரில் தோயும்படி வையுங்கள். பத்து நிமிடம் கழித்து, எதில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளவுகோலால் அளக்கலாம். பிறகு வேறு காலுறைகளை நனைத்துப் பிழிந்து, சமையலறைத் தராசில் நிறுத்து, நிழலில் போட்டு, அரைமணிக்கு ஒருமுறை நிறுத்து வரைபடம் வரையுங்கள். லேபிளில் உள்ள இழைச் சதவீதத்தையும் பக்கத்தில் எழுதிக்கொண்டால் விஞ்ஞானக் கண்காட்சிக்கே கொண்டுபோகலாம்.

இங்கே விளம்பரங்கள் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காலுறை ஈரத்தை வெளிப்பக்கம் கொண்டுவந்து விடும். அங்கே ரெக்ஸின் ஷூவின் சுவர் இருந்தால் என்ன பயன்? வாய்க்கால் வெட்டிவிட்டு மடையை அடைத்தது போல்தான். வலைத்துணி ஷூவுக்குச் சாதாரணக் காலுறையும், அடைத்த ஷூவுக்கு விலையுயர்ந்த காலுறையும் என்றால், முன்னதுதான் ஜெயிக்கும். ஊரும் கணக்கில் வரும். 35 டிகிரியில் உள்ள ஈரத் தோலின் மேல் ஆவியழுத்தம் 5.6 கிலோபாஸ்கல். 32 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்றில் அது 3.6, வேறுபாடு 2. 38 டிகிரியும் 30 சதவீதமும் உள்ள திருச்சிக் காற்றில் 2; வேறுபாடு 3.6. வெப்பம் கூடுதலாக இருந்தும் திருச்சியில் கால் விரைவாக உலரும். கடற்கரை ஊர்க்காரர்கள் பையில் ஒரு மாற்றுக் காலுறை வைத்துக்கொள்வதே சரி.

ஈரத்தின் மற்றொரு விளைவு நாற்றம். வியர்வைக்குச் சொந்த நாற்றம் கிடையாது. பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் மணக்கிறது. விரலிடுக்கில் பூஞ்சை படர்ந்தால் சேற்றுப்புண். கழுவியபின் விரலிடுக்கைத் துடைத்து உலர்த்திவிட்டுத்தான் காலுறையை மாட்ட வேண்டும்.

தடிப்பைப் பொறுத்தவரை, நடைக்குத் தடித்த அடிப்பாகம் மெத்தை போல உதவும். மிதிவண்டியில் கால் தரையில் மோதுவதில்லை. தடித்த காலுறை ஷூவை இறுக்கி, முன்பாதம் மரத்துப்போகச் செய்யும். மெல்லியதே போதும். விரல் நுனியில் வரும் தையலைக் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். மேடாக இருந்தால் வேண்டாம்.

மேல்பட்டையின் இறுக்கத்துக்கும் ஒரு விதி இருக்கிறது. வளையமாகச் சுற்றிய எலாஸ்டிக் தரும் அழுத்தம், இழுவிசையை வளையத்தின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதே இழுவிசையில் மெல்லிய கணுக்காலில் அழுத்தம் கூடும். அகன்ற கெண்டைக்காலில் குறையும். பட்டையின் அகலம் கூடினாலும் அழுத்தம் குறையும். ஆகவே குட்டைக் காலுறையில் குறுகிய பட்டை இருந்தால்தான் ஆழமான தடம் விழுகிறது. கணுக்காலுக்கு மேலே வரும், அகலப் பட்டை உள்ள காலுறை நல்லது. பேன்ட்டின் ஓரத்தை அதற்குள் செருகிக்கொண்டால் செயினில் மாட்டாது.

சர்க்கரை நோயாளிகள் பலர் மருத்துவரின் சொற்படி இன்று மிதிவண்டி ஓட்டுகிறார்கள். அவர்களில் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும்; கொப்புளம் வந்ததே தெரியாது, அது புண்ணாகிப் பெருகிய பிறகுதான் தெரியும். அவர்கள் தையல் மேடில்லாத, பட்டை இறுகாத, வெள்ளை அல்லது வெளிர் நிறக் காலுறையே அணிய வேண்டும். சிறு இரத்தக் கறையோ நீர்க்கசிவோ இருந்தால் கழற்றும்போதே கண்ணில் பட்டுவிடும். கறுப்புக் காலுறை அதை மறைத்துவிடும். கழற்றியதும் பாதத்தின் அடியை ஒரு சிறு கண்ணாடியில் பார்த்துக்கொள்வது அவர்களுக்கு இன்றியமையாதது.

துவைப்பதில் இரண்டே கவனங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவையுங்கள். அழுக்கும் உப்பும் அங்கேதான். துணியை மென்மையாக்கும் திரவங்களைச் சேர்க்காதீர்கள். அவை இழைகளின் மேல் மெழுகு போலப் படிந்து நுண்புழை ஏற்றத்தைக் கெடுத்துவிடும். உலர்த்தும்போது விரல் பக்கத்தைக் கிளிப்பில் மாட்டி, நிழலில் தொங்கவிடுங்கள்; எலாஸ்டிக் பட்டையில் கிளிப் போட்டால் நீரின் பாரம் அதை இழுத்துத் தளர்த்தும். கண்ணாடியைச் சட்டை நுனியால் வறட்டுத் துடைப்புத் துடைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சாலைத் தூசியில் உள்ள மணல்துகள் பாலிகார்பனேட்டைவிடக் கடினமானது. முதலில் தண்ணீரைக் காட்டித் தூசியைக் கழுவி, ஒரு துளி சோப்புநீர் விட்டு விரலால் தேய்த்து, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.